ஜீப் ஓட்டிய 'ஒப்பந்தம்'

உலகத்துச் சுற்றுச்சூழல் ஒப்பந்தங்களை எல்லாம் ஸ்டியரிங்கைப் பிடித்தபடியே விளக்கக்கூடிய மனிதர் இந்தியாவில் ஒருவர்தான் இருந்தார். கொல்லிமலையில் நான் குமாஸ்தாவாக இருந்த திட்ட அலுவலகத்தின் ஜீப் டிரைவர். எல்லோருக்கும் அவர் 'ஒப்பந்தம்'. சொந்தப் பெயர் சம்பளப் பட்டியலோடு சரி.

பின் சீட்டில் அதிகாரிகள் பேசியதைக் கேட்டே படித்தவர். கொண்டை ஊசி வளைவில் எதிரே டூரிஸ்ட் கார் வந்தால் ஒதுங்க மாட்டார்.

"பொகைய அதிகமா உட்டவங்கதானுங்க மொதல்ல ஒதுங்கோணும். நாம இன்னும் வளரும் நாடுங்க."

எங்கள் ஜீப் விட்ட புகையில் அந்தக் கார்க்காரர்கள் இருமிக்கொண்டிருப்பார்கள்.

அவருடைய ஊர் அதே மலையில், அரியூர் நாடு என்னும் பகுதியில். அங்கே சாமை விதை வைக்க நல்ல இடமில்லை. பாதியை எலி தின்றது, மீதி மழையில் நனைந்து முளைத்தது. அந்த ஒப்பந்தங்களின்படி வெளிநாடுகள் தரும் நிதியில் டெல்லி வழியாக ஒரு பங்கு வந்தால் விதைக் கொட்டகை கட்டலாம். ஆனால் ஒரே ஓர் ஊருக்குத்தான் கிடைக்கும். பார்த்து முடிவு செய்ய டெல்லியிலிருந்து ஓர் அம்மையார் வருவதாகத் தகவல் வந்தது.

ஒப்பந்தம் ஊரைக் கூட்டினார். "கண்ணுகளா, அன்னிக்கு யாரும் புதுச்சேல கட்டாதீங்க. எலி தின்ன மூட்டைய முன்னால வையுங்க. நம்ம நெலமையக் கண்ணால பாத்தாத்தான் எழுதுவாங்க."

அம்மையாரோடு போய் இறங்கிய எனக்குத் தலை சுற்றியது. வாசலெல்லாம் கோலம், பந்தல், வாடகை நாற்காலி. இலையில் சாமைச் சோறு, கோழிக் குழம்பு, பலாச்சுளை. எலி மூட்டையைக் காணோம். விருந்தாளி கண்ணில் பட்டால் அசிங்கம் என்று ஒளித்துவிட்டார்களாம். முறைக்கலாமென்று ஒப்பந்தத்தைத் தேடினேன். அவர் அம்மையாருக்கு விசிறிக்கொண்டிருந்தார்.

ஊருக்கு என்ன குறை என்று அம்மையார் இந்தியில் கேட்டார். நான் தமிழில் சொன்னேன். ஒப்பந்தம் ஜீப்பில் மாதக்கணக்கில் ஒத்திகை பார்த்த பேச்சு இதோ வரப்போகிறது என்று பேனாவைத் திறந்தேன்.

"ஒரு கொறையும் இல்லீங்கம்மா. இன்னும் ரெண்டு சொளை வெக்கட்டுங்களா?" என்றார் ஒப்பந்தம்.

நிதி வேறு ஊருக்குப் போய்விட்டது. இந்த ஊர் ஏற்கெனவே வளர்ந்துவிட்டதாம். கடிதத்தில் அப்படித்தான் இருந்தது. வாயில் வந்தபடி ஒப்பந்தத்தைத் திட்டினேன்.

"எலையில உக்காந்தவங்ககிட்டப் பஞ்சப்பாட்டு பாட முடியுங்களா?" என்றார்.

அந்த வருட மழையில் ஊர் விதை நனையவில்லை. தன் வீட்டில் ஒழுகாத ஒரே அறையை அதற்குக் கொடுத்துவிட்டு, ஒப்பந்தம் மனைவியோடு அடுப்படியில் படுத்துக்கொண்டார். இது எனக்கு ரொம்ப நாள் கழித்துத்தான் தெரிந்தது. அவரைத் திட்டிய வாய்க்கு இன்றுவரை சமாதானம் சொல்ல முடியவில்லை.