முப்பத்தொன்றாம் நம்பர் வீடு நடக்கிறது

"என்னமோ கேக்கணும்னு சொன்னியளே சார்?"

"அது வந்து... இங்கன வச்சு வேண்டாம் டீச்சர். ஒரு நாள் உங்க வீட்டுக்கே வந்து கேக்கேன்."

"வீடு எங்க இருக்குன்னு தெரியுமா?"

"நல்லாக் கேட்டிய போங்க! பூகோள வாத்தியார்ட்டயா வழி கேக்கிய? டவுண்ல எனக்குத் தெரியாத முடுக்கு எது?"

இந்தப் பேச்சு நடந்து இரண்டு வருடம் ஆகிறது. கணக்கு டீச்சர் கு. விஜயஸ்ரீக்கு ஸ்ரீவைகுண்டத்துக்கு மாறுதல் வந்து, பிரிவு உபசாரத்தில் எல்லோரும் கேசரி தின்றுகொண்டிருந்த நேரம் அது. குமரகுருபரன் கேட்க நினைத்தது ஒரே ஒரு கேள்விதான். தன் பெயரும் 'கு'வில்தான் தொடங்குகிறது, கல்யாணத்துக்குப் பிறகும் அவள் முன்னெழுத்தை மாற்ற வேண்டியிருக்காது என்பதுவரை யோசித்து வைத்திருந்தார். வாயைத் திறப்பது ஒன்றுதான் பாக்கி. அந்த வாய், வீட்டு முகவரியைக் கேட்கக்கூடத் திறக்கவில்லை.

இப்போது அந்தப் பேச்சு நினைவுக்கு வரக் காரணம் இருந்தது. டவுணில் தனக்குத் தெரியாத குறுகிய முடுக்கு ஒன்றில், மத்தியானம் மூன்று மணி வெயிலில், திக்குத் தெரியாமல் அவர் நின்றுகொண்டிருந்தார்.

வீட்டுக் கணக்கெடுப்பு வேலை. வடக்கு ரத வீதிக்குப் பின்னால் மூன்று தெருக்கள் அவர் தலையில் விழுந்திருந்தன. ஒவ்வொரு வாசலிலும் சாக்பீஸால் நம்பர் போட வேண்டும், விவரம் எழுத வேண்டும், கடைசியில் தெருக்களைக் கையால் வரைந்து ஐந்து மணிக்குள் மேற்பார்வையாளர் ஹென்றியிடம் கொடுக்க வேண்டும்.

செப்புப்பானைத் தெருவில் முப்பது வீடுவரை எல்லாம் ஒழுங்காகத்தான் போனது. முப்பத்தொன்றாவது வீட்டுக் கதவைத் தட்டியபோது, உள்ளே வெகு தூரத்திலிருந்து 'டொக்... டொக்...' என்று ஒரு சத்தம் நெருங்கி வந்தது. கதவு திறந்தது. நெற்றி நிறையத் திருநீறு, கையில் ஊன்றுகம்பு, இடது கட்டைவிரலில் மஞ்சள் துணிக் கட்டு. பெரியவர் ஒருவர் மூச்சு வாங்க நின்றார்.

"பேரு அய்யா?"

"குற்றாலலிங்கம்."

"வீட்ல எத்தனை பேரு?"

"ரெண்டு பேரு. நானும் மகளும். மக வேலைக்குப் போயிருக்கா."

தண்ணீர் எங்கிருந்து வருகிறது, சமையல் கேஸிலா விறகிலா, டிவி உண்டா என்று கேட்டு முடித்தார். பெரியவர் எல்லாவற்றுக்கும் பதில் சொல்லிவிட்டு அவர் கண்களையே பார்த்தார்.

"வேற ஏதும் கேக்கணுமா சார்?"

"இல்ல அய்யா."

பெரியவரின் உதடுகள் அசைந்தன. சத்தம் வரவில்லை. கதவு பைய மூடிக்கொண்டது. குமரகுருபரன் 31 என்று எழுதிவிட்டு நடந்தார்.

தெருக்கோடியில் குருவி முடுக்கு ஆரம்பித்தது. எதிரே ஆள் வந்தால் ஒருவர் சுவரோடு ஒட்டிக்கொள்ள வேண்டும், அவ்வளவு ஒடுக்கம். மூன்று வளைவு வளைந்ததில் கிழக்கு எது, மேற்கு எது என்று பூகோளத்துக்கே குழம்பிவிட்டது. அதைவிட மோசம், அவர் நடக்க நடக்க இடப்பக்கத்துச் சுவருக்குள் யாரோ கூடவே நடந்தார்கள்.

டொக். டொக். டொக்.

நின்றார். சுவரும் நின்றது. நடந்தார். சுவரும் நடந்தது.

முப்பத்தெட்டாவது கதவு, குட்டையான பச்சைக் கதவு. தட்டக் கையை ஓங்குமுன்னே திறந்தது.

திருநீறு. ஊன்றுகம்பு. மஞ்சள் துணிக் கட்டு.

"வாங்க சார்" என்றார் பெரியவர், முதல் தடவை பார்ப்பதுபோல.

குமரகுருபரன் ஓர் அடி பின்வாங்கினார். "அய்யா... உங்க கூடப் பிறந்தவங்க யாரும் பக்கத்துத் தெருவுல...?"

"நான் ஒத்தைப் பிள்ளைல்லா."

"பேரு?"

"குற்றாலலிங்கம். வீட்ல ரெண்டு பேரு. நானும் மகளும்." அதே குரல், அதே மூச்சு. "வேற ஏதும் கேக்கணுமா சார்?"

"இல்ல! ஒண்ணும் இல்ல!"

சாக்பீஸ் இரண்டாக முறிந்தது. முடுக்கை விட்டு வெளியே வந்துதான் மூச்சு விட்டார். முனையில் அலி அஸ்கரின் டீக்கடை.

"என்ன சார், பேயடிச்ச மாரி இருக்கிய?"

"குற்றாலலிங்கம்னு ஒருத்தரு... தெரியுமா பாய்?"

"அண்ணாச்சியைத் தெரியாதா? பாவம், ரெண்டு முழங்காலும் போயிட்டு. சேரை விட்டு எந்திரிக்கணும்னாலே மக வந்து தூக்கணும். அவரை வாசல்ல பாத்தே ரெண்டு வருசம் இருக்கும்."

குமரகுருபரன் டீ கிளாஸைக் கீழே வைத்தார். "நான் இப்பப் பாத்தேனே, ரெண்டு தெருவுல!"

அலி அஸ்கர் அவரை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "வெயில் சாஸ்தி சார்" என்றார் மெதுவாக. "அந்த டீக்குக் காசு வேண்டாம்."

ஹென்றிக்குப் போன் போட்டார்.

"ஒரே ஆளு ரெண்டு வீட்ல இருக்காரு சார். ஒரே நேரத்துல."

"வேய், வாத்தியாரே, ஒரு ஆளு ரெண்டு தடவ வரப்படாது. ஒண்ணை அழிச்சிட்டு நம்பரைத் திருப்பிப் போடும். அஞ்சு மணிக்கு மேப்பு வரலைன்னா நாளைக்கு மெமோ வரும், பாத்துக்கிடும்."

அழிப்பது எளிதாகத்தான் தெரிந்தது. பெரியவர் மறுபடி வந்துவிடுவாரோ என்ற பயத்தில் நுனிக்காலில் போய், எச்சில் தொட்டு 31-ஐ அழித்தார். அதற்கப்புறம் 32-ஐ 31 ஆக்க வேண்டும், 33-ஐ 32 ஆக்க வேண்டும். ஆக்கிக்கொண்டே போனவரை பிரம்மநாயகி என்ற அம்மாள் இடுப்பில் கைவைத்து மறித்தாள்.

"ஏன் சார், சித்த முன்னால எங்க வீட்டுக்கு முப்பத்தஞ்சு போட்டிய. இப்ப முப்பத்து நாலுங்கிய. எங்க வீடு என்ன நடந்தா போகுது?"

"உங்க வீடு இல்லம்மா. வேற ஒரு வீடு நடக்குது."

அவள் குழந்தையைத் தூக்கிக்கொண்டு கதவைச் சாத்தினாள். உள்ளே தாழ்ப்பாள் விழுந்தது. அடுத்த இரண்டு வீட்டிலும் விழுந்தது.

வரைபடமும் அவருக்கு எதிராகவே நின்றது. 31-ஐ அழித்தால் செப்புப்பானைத் தெருவில் ஒரு பொக்கைவாய். 38-ஐ அழித்தால் குருவி முடுக்கில் ஓட்டை. அழித்து எழுதி அழித்து எழுதி, தாளே அந்த இடத்தில் கிழிந்துவிட்டது. அந்தக் கிழிசலுக்கு அந்தப் பக்கமிருந்து யாரோ பார்ப்பதுபோல் இருந்தது.

மணி நாலரை. மிச்சமிருந்தது விறகுக்கடைத் தெரு. அங்கே ஒரு ஆள் நடமாட்டம் இல்லை. இரு பக்கமும் சுவரோடு சுவர் ஒட்டிய வீடுகள். மின்கம்பியில் உட்கார்ந்திருந்த காக்கைகூட அவரைப் பார்த்துவிட்டு வேறு பக்கம் திரும்பிக்கொண்டது. 'முருகா, முருகா' என்று சொல்லிக்கொண்டே ஒவ்வொரு கதவாகத் தட்டினார். நல்லவேளை, எல்லாம் வேறு வேறு முகங்கள். கடைசி வாசலுக்கு வந்தார்.

கதவு ஏற்கெனவே திறந்திருந்தது.

நிலையில் சாய்ந்தபடி, வேட்டி வியர்வையில் நனைந்து, முகம் வெளிறி நின்றிருந்தார் குற்றாலலிங்கம்.

குமரகுருபரன் ஓடியிருப்பார். கால்தான் ஓடவில்லை.

"உள்ள வாங்க சார்" என்றார் பெரியவர். "வந்து பாத்தாத்தான் உங்க மேப்பு சரியா வரும்."

எப்படி உள்ளே போனோம் என்று அவருக்கே தெரியாது. அடுக்களை, கிணற்றடி, முற்றம், அதற்கப்புறம் நீண்ட இருட்டு. டொக் டொக்கென்று முன்னால் கம்பு போக, பின்னால் அவர் போனார். சுவரில் ஒரு படம். மாலை போட்ட படம். அதே நெற்றி, அதே திருநீறு, அதே மூக்கு.

"அய்யோ!"

"அது எங்க அப்பா" என்றார் பெரியவர். "எல்லாரும் நான்னுதான் நினைப்பாங்க."

இருட்டின் நடுவே, பக்கச் சுவரில் ஒரு குட்டைக் கதவு. அதன் இடுக்கு வழியாக, "ஆளு போயிட்டாரா பாருங்கடி!" என்று பிரம்மநாயகியின் குரல் கேட்டது. குருவி முடுக்கு! நேரே, வெகு தூரத்தில், முப்பத்தொன்று போட்ட தேக்குக் கதவுக்கு அந்தப் பக்கம் செப்புப்பானைத் தெருவின் வெளிச்சம்.

குமரகுருபரனுக்கு எல்லாம் புரிந்துவிட்டது. ஒரு தெருவில் தலை, இன்னொரு தெருவில் வால், நடுவில் முடுக்கு பார்த்த வாசல். டவுணில் இப்படி நீள வீடுகள் எத்தனையோ உண்டு. பேட்டையில் மூன்று அறை வீட்டில் வளர்ந்த பூகோளத்துக்கு அது தோன்றவில்லை.

"ஒரே வீடா!" என்று சிரித்தார். சிரிப்பை அவரால் நிறுத்த முடியவில்லை. "எல்லாம் ஒரே வீடுதான்! ஏன் அய்யா முதல்லயே சொல்லலை?"

"நீங்க கேக்கலையே."

பெரியவர் தடாலென்று நாற்காலியில் உட்கார்ந்து இரண்டு முழங்காலையும் பிடித்துக்கொண்டார். வலியில் கண்ணில் தண்ணீர் நின்றது. குமரகுருபரன் பதறிப்போய்க் குனிந்தார்.

"இந்தக் காலை வச்சுக்கிட்டு எதுக்கு அய்யா ஒவ்வொரு வாசலுக்கும் ஓடி வந்திய? யாருன்னு தெரியாம நான் நடுங்கிட்டேன்."

"நானுந்தான் நடுங்கினேன். ஒவ்வொரு வாசல்லயும் வாய் வரைக்கும் வந்துட்டு, உள்ள போயிட்டு."

அப்போதுதான் நாற்காலிக்குப் பின்னால், ஆணியில் தொங்கிய குடை அவர் கண்ணில் பட்டது. ஊதா நிறம், கைப்பிடியில் சிவப்பு நூல் சுற்றியது. நான்கு மழைக்காலம் ஸ்டாஃப் ரூம் ஜன்னலில் தொங்கிய குடை. குமரகுருபரனின் சிரிப்பு நின்றுபோனது. கையிலிருந்த பேனாவும் விழுந்தது.

பெரியவர் கம்பை ஊன்றி, மறுபடி எழுந்து நேராக நின்றார்.

"இந்தத் தெருக்கணக்குக்கு நீங்கதான் வாறியன்னு காலையிலயே விஜயஸ்ரீ சொல்லிட்டுப் போனா, அந்த சாரு நம்ம வாசல்லயே வந்து நின்னாலும் கேக்க மாட்டாரு, நீங்களே கேட்டுருங்கப்பான்னா... சார், எம் மகளைக் கட்டிக்கிடுதியளா?"