பின்புற எரிவாயு வயல் எண் 1

சான்றிதழ் இல்லாத எவரும் இனிமேல் ஜியோபோனைத் தொடக்கூடாது என்று எண்ணெய், எரிவாயு தேடும் துறையின் தலைமை அலுவலகம் ஒரு திங்கட்கிழமை சுற்றறிக்கை அனுப்பியது.

ஜியோபோன் என்பது கைக்குள் அடங்கும் ஒரு டப்பா. அடியில் ஆணி இருக்கும். அதை மண்ணில் குத்தி வைத்துவிட்டுத் தள்ளி நின்று தரையை ஓங்கித் தட்டினால், அதிர்வு பூமிக்குள் போய்ப் பாறையில் மோதித் திரும்பி வரும். வந்ததை இந்த டப்பா கேட்டுச் சொல்லும். கதவைத் தட்டி உள்ளே ஆள் இருக்கிறாரா என்று பார்க்கிற வேலைதான். ஆனால் அப்படிச் சொன்னால் துறைக்கு மரியாதை போய்விடும் என்பதால் ‘நில அதிர்வு ஆய்வு’ என்பார்கள்.

இந்த வேலையைப் பத்தொன்பது வருடமாகச் செய்து வந்தவர் கேபிள் அக்கா. வெயிலிலும் சேற்றிலும் மைல் கணக்கில் கேபிள் இழுத்து, ஜியோபோன் குத்தி, மண்ணைக் காலால் தட்டிப் பார்த்தே ‘இங்க ஈரம் இருக்கு’ என்று சொல்லக்கூடியவர். துறையில் எல்லாரும் அவரை அக்கா என்றார்கள். அவரைவிட வயதில் மூத்த இயக்குநரும் அக்கா என்றார். அந்த அக்காவிடம் சான்றிதழ் கிடையாது. சான்றிதழ் இல்லாதவர்களை நானூறு கிலோமீட்டர் தள்ளியிருக்கும் பழைய சாமான் கிடங்குக்கு மாற்றுவதாகச் சுற்றறிக்கையின் மூன்றாவது பத்தி அன்புடன் தெரிவித்தது.

ஆகவே அக்கா ஐந்து நாள் தொழில்முறைப் பயிற்சிக்குப் போனார்.

பயிற்சியாளர் வெளியிலிருந்து வரவழைக்கப்பட்ட ஆலோசகர். காதில் மாட்டிய ஒலிவாங்கி, கணுக்காலுக்கு மேலே நின்றுவிட்ட கால்சட்டை, மண்ணே படாத வெள்ளைக் காலணி. முதல் நாள் திறப்பு விழாவும் குழுப் புகைப்படமும் முடிந்தன. இரண்டாம் நாள் எல்லாரையும் கண்ணை மூடச் சொன்னார்.

“பூமி உங்ககிட்ட என்னமோ சொல்ல வருது. கேளுங்க.”

முப்பத்திரண்டு பேர் கண்ணை மூடிக்கொண்டு கேட்டார்கள். பின் வரிசையில் கணக்குப்பிரிவுக்காரர் குறட்டை விட ஆரம்பித்தார். “பாருங்க, இவர் எவ்வளவு ஆழமாப் போயிட்டார்!” என்று ஆலோசகர் பாராட்டினார்.

மூன்றாம் நாள், ஒருவர் தோளை ஒருவர் பிடித்து வரிசையாக நின்று, பின்னால் இருப்பவர் தள்ள முன்னால் இருப்பவர் சாய்ந்து, அதிர்வலை எப்படிப் பயணம் செய்கிறது என்பதைத் தாங்களே அலையாக இருந்து அனுபவித்தார்கள். முன்னால் நின்ற கண்காணிப்பாளர் கரும்பலகையில் மோதினார். “இதுதான் எதிரொலிப்பு!” என்று ஆலோசகர் கைதட்டினார். கண்காணிப்பாளரின் நெற்றி வீங்கியது.

நான்காம் நாள் செய்முறை. இங்கேதான் சிக்கல். குத்துவதற்கு மண் வேண்டும். பயிற்சி நடந்த அலுவலகத்தின் முன்பக்கம் முழுக்க சிமென்ட். பக்கவாட்டுப் புல்தரை தோட்டப் பிரிவுக்குச் சொந்தம். அவர்கள் அனுமதி தர நாற்பத்தைந்து நாள் ஆகும். யாருடைய அனுமதியும் தேவைப்படாத மண், கட்டடத்தின் பின்புறம் கொஞ்சம் இருந்தது. அது தங்களுடையதில்லை என்று தோட்டப் பிரிவும், கட்டடப் பிரிவும், சுகாதாரப் பிரிவும் ஏற்கெனவே எழுத்துமூலம் மறுத்திருந்தன.

அக்கா அந்த இடத்தைப் பார்த்தார். காலால் ஒரு தட்டு தட்டினார்.

“சார், இதுக்குக் கீழ செப்டிக் டேங்க் இருக்கு.”

ஆலோசகர் தன் புத்தகத்தைப் புரட்டினார். “பாடத்திட்டத்துல செப்டிக் டேங்க் இல்லீங்களே.”

“பூமியில இருக்குதே சார்.”

“நீங்க அனுபவத்துலேருந்து பேசறீங்க. அந்த மனநிலையைத்தான் முதல்ல மாத்தணும்.”

அக்கா ஜியோபோன்களைக் குத்தினார். துறையின் வண்டி ஓட்டுநர் இரும்புத் தகட்டைத் தரையில் வைத்துச் சம்மட்டியால் அடித்தார். கணினித் திரையில் கோடுகள் ஓடின. நடுவில், கவிழ்த்து வைத்த கிண்ணம் மாதிரி ஒரு வளைவு பளிச்சென்று தெரிந்தது.

ஆலோசகர் திரைக்குப் பாய்ந்தார். “குவிமாட அமைப்பு! எண்ணெயும் எரிவாயுவும் தங்கற இடம்! இந்த மாதிரி படம் நான் புத்தகத்துலதான் பார்த்திருக்கேன்!” அது உண்மை. அவர் வேறெங்கும் பார்த்ததில்லை.

கணினி ஆழத்தை 2000 மில்லிமீட்டர் என்று காட்டியது. அறிக்கையின் கட்டம் சிறியதாக இருந்ததால் 2000 என்பதோடு இடம் முடிந்துவிட்டது. ஆழத்தை யாரும் மில்லிமீட்டரில் எழுத மாட்டார்கள் என்ற பொது அறிவின் அடிப்படையில் தட்டச்சர் அதை மீட்டர் என்று எடுத்துக்கொண்டார்.

ஐந்தாம் நாள் காலை தேர்வு. ஒரே கேள்வி. ‘நேற்று எடுத்த படத்தில் தெரிவது என்ன? அ) எண்ணெய் ஆ) எரிவாயு இ) இரண்டும்.’ அக்கா நிதானமாக ‘ஈ’ என்று ஒன்றைத் தானே சேர்த்து, ‘செப்டிக் டேங்க்’ என்று எழுதிக் கொடுத்தார். முப்பத்தொரு பேர் ‘ஆ’ என்று எழுதித் தேறினார்கள். அக்கா தேறவில்லை. கருணை அடிப்படையில் மறுதேர்வு சனிக்கிழமை காலை என்றார்கள்.

வீட்டில் அக்காவின் கணவர் தையல் இயந்திரத்தின் முன் உட்கார்ந்தபடியே எல்லாவற்றையும் கேட்டார். அவர் தையற்காரர்.

“கிடங்குக்கு மாத்திட்டா பொண்ணு படிப்பு என்ன ஆகும்? ‘ஆ’ன்னு எழுதிட்டு வாயேன்.”

“தெரிஞ்சே தப்பா எழுதச் சொல்றியா?”

“வர்றவரு இடுப்பு முப்பத்திரண்டுன்னு சொல்வாரு. நான் மறுத்துப் பேசறேனா? முப்பத்திரண்டுன்னு எழுதிக்கிட்டு நாப்பதுக்குத் தைப்பேன். அவருக்கும் சந்தோஷம், பட்டனுக்கும் சந்தோஷம்.”

அக்காவுக்குச் சிரிப்பு வந்தது. சாப்பிடும்போது யோசித்தார். செப்டிக் டேங்கில் வாயு இருக்கத்தானே செய்கிறது? அது எரியவும் எரியும். அப்படியென்றால் பொய்யில்லை. முழு உண்மையில் பாதி. மனசு கொஞ்சம் உறுத்தியது. கிடங்கை நினைத்ததும் உறுத்தல் அடங்கியது. சனிக்கிழமை ‘ஆ’ என்று எழுதினார். நூற்றுக்கு நூறு வாங்கி மறுதேர்வில் முதல் இடம் பெற்றார்.

அதுதான் வினையாகப் போனது.

‘பத்தொன்பது ஆண்டுகள் களப்பணி கண்டவரும், ஆரம்பத்தில் ஐயம் தெரிவித்தவருமான ஊழியரே தீவிர மறுபரிசீலனைக்குப் பின் எரிவாயு இருப்பதை உறுதி செய்துள்ளார்’ என்று கோப்பு மேலே போனது. மற்ற முப்பத்தொரு பேர் சொன்னதை யாரும் நம்பியிருக்க மாட்டார்கள். அக்கா சொன்னதால் நம்பினார்கள். இரண்டு மாதத்தில் துளையிடும் இயந்திரம் வந்து இறங்கியது.

அக்கா இயக்குநரின் அறைக்கே ஓடினார். “சார், அது செப்டிக் டேங்க் சார். சத்தியமா!”

இயக்குநர் விடைத்தாளை எடுத்துக் காட்டினார். “இது யாரு கையெழுத்து அக்கா?”

“என்னுதுதான்.”

“அப்போ நான் எந்த அக்காவை நம்பறது?”

இரண்டாயிரம் மீட்டர் போவதற்கு ஐந்து வாரம் ஆகும் என்று திட்டமிட்டிருந்தார்கள். வெள்ளைச் சட்டை அணிந்த பெரியவர்கள் முன்வரிசையில் உட்கார, இயந்திரம் முழங்கியது. இரண்டாவது மீட்டரில் ‘டம்’ என்று ஒரு சத்தம். அதன்பின் பூமி தன் உள்ளத்தைத் திறந்து கொட்டியது. முன்வரிசையில் வெள்ளை என்ற நிறமே இல்லாமல் போயிற்று.

யாரும் பேசவில்லை. மூக்கைப் பிடித்திருந்ததால் பேசவும் முடியவில்லை. துளையிட வந்த தொழிலாளி, வாயு வந்தால் கொளுத்திப் பார்க்கும் பழக்கதோஷத்தில், குழாய் வாயில் தீப்பந்தத்தை நீட்டினார். குப்பென்று நீலச் சுடர் எழுந்தது.

இயக்குநர் முகத்தைத் துடைத்தார். “வாயு!” என்று கத்தினார். “இரண்டாயிரம் மீட்டர் ஆழத்துல இருந்த வாயு, நம்ம முயற்சியைப் பார்த்துட்டு ரெண்டு மீட்டருக்கு எழுந்து வந்திருக்கு!”

கைதட்டல் அடங்கவே ஐந்து நிமிடம் ஆனது. தொட்டியைச் சுற்றிக் கம்பிவேலி போட்டு, மூடி வைத்து, ‘பின்புற எரிவாயு வயல் எண் 1’ என்று பலகை நட்டார்கள். உணவகத்தின் ஓர் அடுப்பு அந்த வாயுவில் எரிந்தது.

மூன்றாம் நாள் சுடர் சிறுத்தது. நான்காம் நாள் அணைந்தது. அவசரக் கூட்டம் கூடியது. ஆலோசகர் கண்ணை மூடிப் பூமியைக் கேட்டார். பூமி பதில் சொல்லவில்லை. கடைசியில் அக்காவைக் கூப்பிட்டார்கள்.

“உற்பத்தி ஏன் குறையுது?” என்றார் இயக்குநர்.

அக்காவுக்குப் பொறுமை போய்விட்டது. “நாத்தத்துக்குப் பயந்துக்கிட்டு எல்லாரும் பேருந்து நிலையத்துக் கழிப்பறைக்குப் போறாங்க சார். இங்கயே போனா கூடும். இதைச் சொல்றதுக்கு ஒரு சான்றிதழா?”

கண்காணிப்பாளர் மெல்லக் குனிந்து எழுத ஆரம்பித்தார். அவர் எழுதியதை இயக்குநர் இரண்டு முறை படித்துவிட்டுக் கையெழுத்திட்டார்.

மறுநாள் சுற்றறிக்கை வந்தது. ‘தொழில்நுட்பப் பரிந்துரையின்படி, அனைத்து ஊழியர்களும் நாளொன்றுக்கு இரு முறை அலுவலக வளாகத்திலேயே உற்பத்திக்குப் பங்களிக்க வேண்டும். பங்களிப்பு பதிவேட்டில் குறிக்கப்படும்.’ ஊழியர் சங்கம் கொதித்தெழுந்தது. மூத்தவர்களுக்கு முன்னுரிமை கிடையாதா என்று கேட்டுப் போராடி, அதைப் பெற்றது. பதிவேட்டைப் பராமரிக்கும் பொறுப்பு, நூற்றுக்கு நூறு வாங்கிய அக்காவுக்குத் தரப்பட்டது. கழிப்பறை வாசலில் மேசை, நாற்காலி, மின்விசிறி.

“வேலையை விட்டுடட்டுமா?” என்று வீட்டில் கேட்டார்.

“கிடங்கைவிட இது பக்கம்தானே?” என்றார் தையற்காரர்.

ஊழியர்கள் உயிரைக் கொடுத்து உழைத்தும் ஆண்டு இலக்கு எட்டவில்லை. ஆகவே பொதுமக்களின் ஒத்துழைப்பைக் கோருவது என்று முடிவானது. அலுவலகத்துக்கு மனு கொடுக்க வருபவர்கள் முதலில் பங்களிப்புச் செய்து, அக்காவிடம் முத்திரை வாங்கி, அதை மனுவுடன் இணைக்க வேண்டும். முத்திரை இல்லாத மனு ஏற்கப்படாது.

முதல் நாள் காலை, கலவரம் வரும் என்று பயந்து காவலுக்கு நான்கு பேரை நிறுத்தியிருந்தார்கள். ஜன்னலில் ஒட்டியிருந்த அறிவிப்பை மக்கள் எட்டி எட்டிப் படித்தார்கள். யாராவது ஒருவர் ‘ஏன்’ என்று கேட்பார், கேட்டால் எல்லா உண்மையையும் சொல்லிவிடலாம் என்று அக்கா முத்திரையைக் கையில் பிடித்தபடி காத்திருந்தார்.

ஒரு பெரியவர் கூட்டத்தை விலக்கிக்கொண்டு மேசைக்கு வந்தார். அக்கா நிமிர்ந்து உட்கார்ந்தார்.

“ஏம்மா,” என்றார் அவர், “வரிசை எங்கேருந்து ஆரம்பிக்குது?”