மூக்கண்ணன் காருக்குப் போட்ட முக்காடு

காருக்கு மூக்கு உண்டு என்று கண்டுபிடித்த முதல் மனிதர் பழவேற்காட்டில்தான் இருக்கிறார். எங்கள் மூக்கண்ணன். அவருடைய சொந்தப் பெயர் ரேஷன் அட்டைக்கு மட்டும்தான் தெரியும்.

தொழில், படகு எஞ்சின் மெக்கானிக். பைத்தியம், வேகம். செகண்ட் ஹேண்டில் ஒரு சிவப்பு ஸ்போர்ட்ஸ் காரை வாங்கி, கம்பெனி வைத்த ஏர் ஃபில்டர் பெட்டியைத் தூக்கி எறிந்தார். பதிலுக்குத் தேங்காய் அளவில் ஒரு கூம்பு ஃபில்டரை நீளமான குழாயில் மாட்டி, முன் பம்பருக்குள் தொங்கவிட்டார். சில்லென்ற காற்றை இழுத்தால் வண்டி பறக்குமாம். வண்டி பறந்ததோ இல்லையோ, ஏரிக்கரை மணல் பறந்து வந்து அந்தக் கூம்பில் உட்கார்ந்தது.

"மூக்குல மண்ணு பூந்தா இஞ்சின் காலி நைனா!" என்று அலறி, கொசுவலையில் அதற்கு உறை தைத்தார். பனிக்காலத்துக்குத் தடியாக இன்னொன்று.

"நான் இருமினா திரும்பிகூட பாக்க மாட்டாரு. அதுக்கு மட்டும் மப்ளரு!" என்று அண்ணி தெருவுக்கே கேட்கச் சொல்வார்.

மழை வந்தது. கரையில் நிற்கும் படகின் எஞ்சின் காற்றிழுக்கும் வாயைப் பிளாஸ்டிக் பையால் இறுக்கிக் கட்டுவது எங்கள் பழக்கம். அண்ணன் அதே கையோடு கூம்பையும் கட்டினார். காலையில் அவிழ்க்க மறந்து சாவியைத் திருப்பினார். வண்டி விக்கியது, நாலடி நகர்ந்தது, மீன்காரப் பெண்கள் முன்னால் உயிரை விட்டது.

"இன்னா மூக்கா, அது கழுத்த நெரிச்சிட்டியா?" என்று சிரித்தாள் ஒருத்தி.

அதிலிருந்து மழையென்றால் வண்டி வெளியே வராது. அப்படியொரு மழையில்தான் எனக்குப் பொன்னேரியில் ஆசிரியர் வேலைக்கு நேர்காணல். எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். வழியில் திருப்பாலைவனம் ஊரைத் தாண்டி ரோட்டில் தண்ணீர் என்று பஸ்ஸை நிறுத்திவிட்டார்கள். என் அப்பா என்னைக் கூட்டிக்கொண்டு போய் மூக்கண்ணன் வாசலில் நின்றார்.

அண்ணன் வானத்தைப் பார்த்தார். பம்பரைப் பார்த்தார். "ஏறுடா" என்றார்.

தாழ்வான இடத்தில் தண்ணீர் பம்பர் உயரத்துக்கு நின்றது. வண்டியை நிறுத்தி பானெட்டைத் திறந்தார். தண்ணீரை உறிஞ்சிவிடாதபடி கூம்பையும் குழாயையும் கழற்றி என் மடியில் போட்டார். தண்ணீர் எட்டாத உயரத்தில் எஞ்சின் வெறும் வாயைத் திறந்துகொண்டு இருந்தது.

"அண்ணே, ஃபில்டர் இல்லாம ஓடுமா?"

"ஓடும். அப்பால இன்னா ஆவும்னு கேக்காத. கம்முனு குந்து."

ஊர்ந்து ஊர்ந்து கடந்தோம். அவர் உதடுகள் சாமி பெயரை முணுமுணுத்தபடியே இருந்தன.

பள்ளிக்கூட வாசலில் கொட்டும் மழை. நான் கூம்பைச் சட்டைக்குள் பொத்திக்கொண்டு இறங்கினேன். அண்ணன் அதைப் பிடுங்கி, நனைந்தால் நனையட்டும் என்று பானெட்டின் மேல் வைத்தார். இருந்த ஒரே குடையை என் தலைக்கு மேல் விரித்தார்.

"சட்ட கசங்கப்போவுது. வாத்தியாரு மாரி போடா."

வேலை கிடைத்தது. அடுத்த வாரம் முழுக்கத் தும்மியது வண்டி அல்ல, அண்ணன். தினமும் சுக்குக் கஷாயத்தோடு போய்விடுவேன். அவர் மூக்கையும் யாராவது பார்த்துக்கொள்ள வேண்டாமா?