குசினியில் படித்த கண்டோனீஸ்

எனக்குக் கண்டோனீஸ் தெரியும் என்று பதினாலு வருசம் நம்பியிருந்தேன். அந்த நம்பிக்கை போக முக்கால் மணித்தியாலம் போதுமாயிருந்தது.

நான் படித்தது எட்டாம் வகுப்பு மட்டும். மொன்றியலுக்கு வந்து ஒரு ஹொங்கொங்காரரின் சாப்பாட்டுக் கடையில் கோப்பை கழுவப் போனேன். அந்தக் குசினியில் எல்லாரும் கண்டோனீஸ்தான். ஒருத்தரும் எனக்குப் படிப்பிக்கவில்லை. காதில் விழுந்ததைப் பிடித்துக்கொண்டேன். முதலாளி வாய் திறக்க முதலே என்ன சொல்லப் போகிறார் என்று எனக்குத் தெரியும். இதை வீட்டில் சொல்லிப் பெருமை அடிப்பேன். (அடிக்க வேறு பெருமை இருக்கவில்லை.)

செயின்ட்-மிஷேலில் எங்கள் வீட்டுக்குக் கிட்ட ஒரு பள்ளிக்கூடத்தில் துப்புரவு வேலை வந்தது. ஞாயிறு லீவு. பென்ஷன். கை நாள் முழுக்கத் தண்ணீரில் ஊறத் தேவையில்லை. (என் விரலில் ரேகை தேய்ந்துவிட்டது. ரேகை எடுக்கிற மிசின் என்னை ஆள் என்றே ஏற்காது.) அந்த வேலை எனக்கு வேணும் என்று இருந்தது. வேறு எதையும் நான் அப்படி ஆசைப்பட்டதில்லை.

ஆனால் துடைக்கிறதுக்கும் பள்ளிக்கூடச் சேட்டிபிக்கட் கேட்டார்கள். ரெண்டு வருசம், காலமை வேளையில், வளர்ந்த ஆக்கள் படிக்கிற பள்ளிக்கூடம் போய் பிரெஞ்சும் கணக்கும் தட்டுத் தடுமாறிப் பாஸ் பண்ணியிருந்தேன். ஒரு பாடம் குறைந்தது. ஏதாவது ஒரு பாஷையில் சோதினை எடுத்தால் போதும், வகுப்புக்கே வரத் தேவையில்லை என்றா அலுவலகத்துப் பெண்.

தமிழ் என்றேன். அவ பட்டியலை ரெண்டு தரம் பார்த்தா. தமிழ் இல்லை. சோதிக்க ஆள் இல்லையாம்.

மாண்டரின் இருந்தது. அதுக்கு வகுப்பு, புத்தகம், வாத்தியார் எல்லாம் உண்டு. கண்டோனீஸுக்கு ஒன்றும் இல்லை, சோதினை மட்டும் உண்டு. கேட்டலும் பேச்சும், எழுத்து இல்லை. ரெண்டிலும் பாஸ் பண்ண வேணும். நான் அந்த இடத்திலேயே கையெழுத்து வைத்தேன்.

சனிக்கிழமை காலை லீவு கேட்டபோது முதலாளி ஏன் என்று பார்த்தார். சொன்னேன். அவர் குசினிக்கே சொன்னார். நூடில்ஸ் குழைகிற வரைக்கும் சிரித்தார்கள். லீவு தந்தார்.

மனுசி கலியாணத்துக்குப் போடுகிற சேட்டை மினுக்கித் தந்தா. போனால், மாண்டரின் அறை வாசலில் பெடி பெட்டையள் புத்தகத்தோடு வரிசையில் நின்றார்கள். கண்டோனீஸுக்கு நான் ஒருத்தன்.

சோதிக்க வந்தவ வயதான சீன அம்மா. மரியாதையான ஆள். முதலில் ஒலிப்பதிவு போட்டா. கேட்டுக் கேட்டுப் பதிலுக்கு நேரே புள்ளடி போட்டேன். சுகமாக இருந்தது. அந்தப் பள்ளிக்கூடத் தாழ்வாரத்தை நான் துடைக்கிறது எனக்குத் தெரியத் தொடங்கியது.

பிறகு பேச்சு.

பெயர் என்ன என்று கேட்டா. கண்டோனீஸில் எனக்கு ஒரு பெயர்தான். "கோப்பை" என்றேன். அவ திரும்பவும் கேட்டா. உச்சரிப்புப் பிழைத்துவிட்டதாக்கும் என்று இன்னும் உரத்துச் சொன்னேன். "கோப்பை."

ஒரு படம் காட்டினா. ஒரு குடும்பம் வட்ட மேசையில் இருந்து சாப்பிடுகிறது. பார்க்கிறதைச் சொல்லச் சொன்னா. நான் பார்த்தேன். "கோப்பையைக் கெதியா எடு. அடுத்த ஆக்கள் நிக்கினம்" என்றேன்.

அவ ஏதோ எழுதினா. நல்லதைத்தான் எழுதுகிறா என்று நினைத்தேன்.

அடுத்தது நடிப்பு. அவ என் வீட்டுக்கு வந்த விருந்தாளியாம், நான் வரவேற்க வேணுமாம். கதவைத் தட்டுகிற மாதிரி மேசையில் தட்டிக் காட்டினா. எங்கள் குசினிக்குள் ஆள் வந்தால் என்ன சொல்வார்கள் என்று எனக்கா தெரியாது? எழும்பி நின்று சொன்னேன்.

"ஏன் பிந்தினாய்? பின்கதவாலை வா. சப்பாத்தைத் துடை."

அவ பேனையை வைத்துவிட்டா. கோபம் இல்லை. பிரெஞ்சில் கேட்டா, எங்கே படித்தனீங்கள் என்று. பதினாலு வருசக் குசினியைச் சொன்னேன். திரும்பவும் கேட்டா.

"அங்கை உங்களிட்டை ஒருத்தரும் ஒரு கேள்வியும் கேக்கிறேல்லையோ?"

யோசித்துப் பார்த்தேன். பொய் சொல்லக்கூடாது.

"கேப்பினம், மடாம். இன்னும் முடியேல்லையோ எண்டு கேப்பினம்."

அவ சிரிக்கவில்லை. சிரித்திருக்கலாம். நான் மெட்ரோவில் வரும்போதுதான் விளங்கியது. பதினாலு வருசம் நான் அந்தப் பாஷையைக் கேட்டிருக்கிறேன். ஒரு நாளும் பதில் சொன்னதில்லை. தலையாட்டினால் காணுமாயிருந்தது.

கடிதம் வந்தது. மகள்தான் வாசித்தாள். கேட்டல் தொண்ணூற்றாறு. பேச்சு பதினொண்டு. அவள் கடிதத்தைத் திருப்பிப் பார்த்தாள், பின்பக்கம் ஏதும் இருக்குமோ என்று. பள்ளிக்கூட வேலை வேறு ஒருத்தருக்குப் போனது.

முதலாளிக்குத்தான் பெரிய கோபம். என்னில் இல்லை, அந்த அம்மாவில். தன்னட்டைப் பதினாலு வருசம் பழகினவனை எப்படிப் பெயில் விடலாம் என்று கத்தினார். அவ பெரிய இடத்து மனுசியாக்கும், எங்கடை கதை அவவுக்கு எங்கை விளங்கப்போகுது என்றார். எங்கடை என்று அவர் சொன்னது அதுதான் முதல் தரம். பிறகு தட்டுக் கூடையைக் காட்டினார். நான் கழுவினேன்.

இப்போது வீட்டுக்கு ஆர் வந்தாலும் மகள் இந்தக் கதையை எடுப்பாள். அப்பா கேட்டலிலை தொண்ணூற்றாறு, பேச்சிலை பதினொண்டு என்பாள். லவாலிலிருந்து வருகிற மச்சான் ஆக்கள் எத்தனையோ தரம் கேட்டதுதான், ஆனாலும் விழுந்து விழுந்து சிரிப்பார்கள். உடனே மனுசி தேத்தண்ணியோடு வந்து தன்ரை பங்கைச் சொல்லுவா.

"அந்தச் சீன மனுசி கெட்டிக்காரி. இவர் வாய் திறக்கிற ஆள் இல்லையெண்டு முக்கால் மணித்தியாலத்திலை பிடிச்சிட்டா. எனக்கு இருவது வருசம் எடுத்தது."

எல்லாரும் என் முகத்தைப் பார்ப்பார்கள். நான் ஒன்றும் சொல்கிறதில்லை. சொன்னால் அந்தப் பதினொண்டும் குறைஞ்சிடும்.