இருபத்தைந்து முடிச்சு

நீரிலும் நிலத்திலும் ஒருபோல் நின்று காக்கும் பரம்பொருளின் திருவடி துணை.

சிரஞ்சீவி மருமகனுக்குத் தாய்மாமன் ஆசீர்வதித்து எழுதுவது. நானும் உன் அம்மாவும் நலம். உன் தந்தை நலமில்லை, அதனாலேயே கைபேசியில் இந்த அவசர மடல்.

அறுபது கடந்தும் கடிகாரப் பழுதுக் கடையே கதியென்று கிடந்த அவர் விடுமுறையிலாவது வெளிக்காற்று வாங்கட்டும் என்று நீ சிறுபடகு ஒன்று வாங்கித் தந்தாய். கூடவே, பொழுதுபோக்காகப் படகோட்டுவோர்க்குப் பயன்படும் இணையதளங்கள் என்று ஒரு பட்டியலை என் கைபேசியில் ஏற்றி, அனைத்தும் தமிழில் தெரியும்படி அமைத்தும் கொடுத்தாய். அந்தத் தமிழைப் பற்றித்தான் சொல்ல வந்தேன். ஆங்கிலத்தில் படகின் முன்முனைக்கும் வில்லுக்கும் ஒரே எழுத்தாம், அதனால் முன்முனையை ஒரு தளம் ‘வில்’ என்றது. உன் தந்தை இருக்கைக்கு அடியில் வில்லைத் தேடினார். “அம்பும் இருக்கான்னு பாருங்க மாப்பிள்ளை” என்றேன், சிரித்தோம். பாதுகாப்புத் தளம் ‘உயிர்ச்சட்டை அணிக’ என்றது. அணிந்தோம், அதனால்தான் இதை எழுத நான் இருக்கிறேன். வானிலைத் தளமோ ‘இன்று காற்று: 25 முடிச்சுகள்’ என்றது. பட்டியலில் அடுத்ததாக நீ கொடுத்திருந்தது, கயிற்றில் முடிச்சுப் போடும் முறைகளைப் படத்தோடு விளக்கும் தளம். ஒன்று எத்தனை என்கிறது, மற்றொன்று எப்படி என்கிறது. இக்காற்றுக்கு இத்தனை முடிச்சு என்ற விதியாக்கும் என்று நாங்கள் நம்பினோம். நங்கூரக் கயிற்றைப் படகின் முன்முனையில் உள்ள இரும்புக் கட்டையில் சுற்றி, இறைநாமம் சொல்லிச் சொல்லி இருபத்தைந்தும் போட்டேன்.

கரை கண்ணுக்குச் சிறுத்த இடத்தில் நங்கூரம் இறக்கினோம். அரைமணியில் வானம் கறுத்து, படகு பேயாட்டம் ஆடத் தொடங்கிற்று. நங்கூரத்தை விட்டால்தான் தப்பலாம், கயிறோ அவிழவில்லை. நுண்வேலை பழகிய கை தனக்குத்தான் என்று உன் தந்தை குனிந்து முடிச்சில் விரலை நுழைத்தார். அலையொன்று தூக்கியடிக்க, கயிறு இறுகி வலக்கையை இரும்புக் கட்டையோடு சேர்த்து நசுக்கிற்று. மீட்புப் படகில் வந்த காவலர் ஒரே வெட்டில் கயிற்றை அறுத்தார்.

“யாருங்க இது, கயித்துல சடை பின்னினது?” என்றார். விவரம் சொன்னேன். தலையில் கைவைத்துக்கொண்டார். “ஐயா, முடிச்சுன்னா கடல்ல வேகக் கணக்கு. இருபத்தஞ்சு முடிச்சுக் காத்துன்னா பெரிய படகுக்காரனே கரையில உட்கார்ந்திருப்பான்.”

ஆள்காட்டி விரலும் நடுவிரலும் கறுத்துவிட்டன. நாளை நண்பகலுக்குள் எடுக்காவிட்டால் கை போகும், அதற்கும் தாமதித்தால் உயிரே போகும் என்கிறார் மருத்துவர். உன் தந்தை சம்மதிக்க மறுக்கிறார். “அந்த ரெண்டு விரல்லதான் இடுக்கி பிடிக்கிறேன். அது இல்லாம நான் யாரு?” என்று சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார். “ஊர்க் கடிகாரமெல்லாம் நின்னுபோகட்டும், நீங்க நின்னுடாதீங்க” என்று உன் அம்மா கெஞ்சியும் பயனில்லை. நீ பேசினால் கேட்பார். விளங்காத தமிழைக் கையில் கொடுத்து எங்களைக் கடலுக்கு அனுப்பியவன் நீ, இதையாவது செய்.

நீயும் உன் இல்லாளும் மக்களும் குறைவற்ற உடலோடும், வாக்கில் வாய்மையோடும் நெடுநாள் வாழ இறைவன் அருள்க.

இங்ஙனம்,
உன் தாய்மாமன்

பின்குறிப்பு: வாய்மை என்று எழுதிய பிறகு இதை அப்படியே அனுப்ப விரல் வரவில்லை. ‘நாங்கள் நம்பினோம்’ என்றது பொய். மூன்றாம் முடிச்சிலேயே உன் தந்தை, “மச்சான், இது காத்தோட வேகமா இருக்குமோ? பையனுக்கு ஒரு போன் போட்டுக் கேட்டுருவோமா?” என்றார். தமிழை எனக்கா சொல்லித்தருகிறீர் என்று பழஞ்செய்யுள் ஒன்றை எடுத்துவிட்டு அவர் வாயை அடைத்தேன். இன்றுவரை எல்லாரிடமும் “ரெண்டு பேரும் சேர்ந்துதான் போட்டோம்” என்றே சொல்கிறார். உன் பட்டியல்மேல் நான் ஏற்றிய பழியையெல்லாம் அடித்துவிட்டுப் படி. அவரிடம் முடிச்சைப் பற்றிக் கேட்காதே. எனக்காக மறுபடியும் பொய் சொல்வார். விரலைப் பற்றி மட்டும் பேசு. உடனே பேசு.