குடிலுக்குக் கொண்டுவந்த மணல்

அன்புள்ள மாப்பிள்ளை சகாயம் அவர்களுக்கு,

கோலார் தங்கவயல் பாலகாட்டிலிருந்து மாமனார் பர்னபாஸ் எழுதுவது. கர்த்தருடைய கிருபையால் இங்கே அனைவரும் நலம் என்று எழுதத்தான் பேனாவை எடுத்தேன். டாக்டரம்மா அதற்கு வழி வைக்கவில்லை. போனில் பேசினால் நீங்கள் கத்துகிறீர்கள், நானும் கத்துகிறேன், நடுவில் என் மகள் எலைன் அழுகிறாள். அதனால்தான் கடிதம்.

நம் வின்னிக்கு ஓயாத வயிற்றுவலி. சோறு இறங்கவில்லை. மணிமணியாகப் பேசிய மூன்று வயதுப் பிள்ளை இப்போது விரலை நீட்டிக் காட்டுவதோடு சரி. பூச்சி என்றார்கள், கண்ணேறு என்றார்கள், கடைசியில் இரத்தத்தில் ஈயம் என்றார்கள். சின்னப் பிள்ளைகளுக்கு அது மூளையைப் பிடிக்குமாம். "வீட்ல பழைய பெயின்ட் இருக்கா?" என்று கேட்டார் டாக்டரம்மா. ஏம்மா, எதிர்ல மைன்ஸ்காரன் கொட்டின சயனைட் டம்ப் மலையாட்டம் நிக்குது, என் கதவு மேலயா சந்தேகம் என்றேன். தங்கத்தை எடுத்துக்கொண்டு போனவன் போய்விட்டான். அரைத்துக் கொட்டிய சக்கையில் என் பேத்திக்குப் பங்கு, கேட்காமலே வந்து சேர்ந்துவிட்டது!

கோலாரில் ஆபீஸ் ஆபீஸாக ஏறினேன். "மைன்ஸ் மூடி எவ்ளோ வருஷமாச்சு, இன்னும் இன்னா தூசி?" என்றார் ஒருவர். மூடினது ஷாஃப்ட் குழியைத்தான் சார், டம்பை எவன் மூடினான் என்றேன். காற்றடித்தால் ஜன்னலைச் சாத்திக்கொள்ளச் சொன்னார். சாத்தினேன், டேப்பும் ஒட்டினேன், குடும்பமே உள்ளே வெந்தோம்.

அப்போதுதான் வின்னி ஹாலின் மூலையில் உட்கார்ந்து ஆட்டுக்குட்டிப் பொம்மைக்கு ஒரு வாய், தனக்கு ஒரு வாய் என்று ஸ்பூனால் மணல் ஊட்டிக்கொண்டிருந்ததைப் பார்த்தோம். சர்ச்சில் முதல் பரிசு வாங்கிய என் கிறிஸ்துமஸ் குடில். பிரிக்க மனசு வராமல் வைத்திருந்தேன். பெத்லகேம் பாலைவனத்துக்கு எங்கள் லைன் வீடுகளில் எல்லோரும் டம்பு மணல்தான் போடுவோம்; மாவு மாதிரி, ஒரு கல் இருக்காது. உங்கள் மாமியார் போட்ட கூச்சல் ஊர்க்கோடி மைசூர் மைன்ஸ் வரைக்கும் கேட்டிருக்கும். "தானா வர்ற தூசிக்கு டேப்பு ஒட்டினீங்க, இத்தை மூட்டை கட்டி நீங்களே தூக்கினு வந்தீங்களே, இன்னா மனுசன் நீங்க!"

குடிலை அன்றைக்கே பிரித்துப் போட்டேன், ஒரு மாதமாகத் தரையை ஈரத்துணியால் துடைக்கிறேன். நேற்று மறுபடி இரத்தம் எடுத்திருக்கிறார்கள், இறங்கியிருக்கும், பாருங்கள். ஆகவே பிள்ளையை ஓசூருக்குக் கூட்டிப்போகும் பேச்சே வேண்டாம். உங்கள் ஒற்றை ரூமில் அவள் தூங்குவாளா? என் வயிற்றில் படுத்தால்தான் கண்ணை மூடுவாள். நானும் அந்த டம்பில் சறுக்கி விளையாடியவன்தான், எனக்கு இன்னா ஆயிடுச்சு? (இதற்கு உங்கள் மாமியார் பதில் வைத்திருக்கிறார், சொல்ல விடவில்லை.) அனுப்ப மாட்டேன், அவ்வளவுதான்.

சம்பந்தியம்மாவுக்கு எங்கள் தோத்திரம். கர்த்தர் உங்களுக்கு நல்ல சுகத்தையும், கொஞ்சம் நல்ல புத்தியையும் அருள்வாராக.

இப்படிக்கு,
பர்னபாஸ்

பி.கு.: கவரை ஒட்டும் நேரத்தில் ரிப்போர்ட் வந்தது. இறங்கவில்லை, ஏறியிருக்கிறது. "குடில் போச்சு சரி, காத்து எங்க போகும்? இங்கிருந்து கூட்டிட்டுப் போயிடுங்க" என்கிறார் டாக்டரம்மா. ஞாயிற்றுக்கிழமை வண்டியோடு வாருங்கள். வாசலை மறித்து நின்று நான் ஏதாவது நியாயம் பேசுவேன், காதில் போட்டுக்கொள்ளாதீர்கள். பிள்ளையைத் தூக்கிக்கொண்டு கிளம்புங்கள்.