மடி இல்லாத தாய்மாமன்

தொப்பை வளர்வது அதை வளர்ப்பவருக்கு மட்டும் கடைசி வரை தெரியாது. சலவையில் சட்டை சுருங்கிவிட்டது என்று நினைப்போம். பெல்ட் மட்டமான சரக்கு என்று நினைப்போம். கண்ணாடியின் மேல்கூட சந்தேகப்படுவோம். எனக்கு உண்மையைச் சொன்னது பதினோரு மாதக் குழந்தை ஒன்று. அதற்கு அப்போது பேச்சு வராது என்பதால் செய்து காட்டியது.

என் தங்கை தேவியின் மகள் யாழினிதான் அந்தக் குழந்தை. ஊரப்பாக்கத்தில் என் வீட்டுக்கு வந்திருந்த தேவி, "மாமாகிட்ட போ" என்று அவளை என் மடியில் வைத்தாள். குழந்தை என் தொப்பையில் முதுகைச் சாய்த்தாள், மெதுவாக வழுக்கினாள், முட்டியைத் தாண்டிப் பாயில் போய் உட்கார்ந்தாள். அழவில்லை. கைதட்டி, இன்னொரு தடவை என்று கையை நீட்டினாள்.

"அண்ணா, இன்னாண்ணா இது? மடியே காணோம்!" என்றாள் தேவி.

"அங்கதான் கீது, நல்லா தேடிப் பாரு."

"சிரிக்காத. இன்னும் மூணு மாசத்துல திருப்போரூர்ல காதுகுத்து. தாய்மாமன் மடியில ஒக்கார வெச்சித்தான் குத்தணும். இருக்கிறது நீ ஒருத்தன். இந்த மடியில வெச்சா புள்ள வழுக்கினு போயி பத்தர் மடியில வுழும்."

(பத்தர் என்பது காது குத்தும் நகை ஆசாரி. அவர் மடியில் விழுந்தால் அவர் தாய்மாமன் ஆகிவிடுவாரா என்று கேட்டேன். அடி விழுந்தது.)

நான் சிரித்தேனே தவிர, விஷயம் சிரிக்கிற மாதிரி இல்லை. தேவி மாமல்லபுரம் பக்கம் ஒரு மீனவக் குப்பத்துப் பையனை விரும்பிக் கல்யாணம் செய்துகொண்டவள். படாளத்தில் இருக்கும் எங்கள் சொந்தமும் அவர்கள் சொந்தமும் இரண்டு வருடம் ஒருவர் வாசலை ஒருவர் மிதிக்கவில்லை. குழந்தை பிறந்த பிறகுதான் போனில் "சாப்டீங்களா?" வரைக்கும் வந்திருந்தார்கள். இரண்டு பக்கமும் ஒரே கூரைக்குக் கீழே உட்காரப்போகும் முதல் விசேஷம் இந்தக் காதுகுத்து. அதில் எனக்கு இருந்த ஒரே வேலை உட்காருவது. அதைக்கூட உருப்படியாகச் செய்யவில்லை என்று யாரும் சொல்லிவிடக் கூடாது என்று எனக்கு உண்மையிலேயே கவலை இருந்தது.

மறுநாளே ஜிம்மில் சேர்ந்தேன். மாஸ்டர் என்னைச் சுற்றி ஒரு தடவை நடந்து பார்த்தார். (கொஞ்சம் நேரம் பிடித்தது.)

"இன்னா வேலை சார்?"

"கம்ப்யூட்டர் முன்னாடி ஒக்காருற வேலை."

"எத்தினி வருஷமா?"

"பன்னெண்டு."

"அப்போ மொத மூணு வாரம் வெயிட்டு கிட்ட போகக் கூடாது. நடங்க, கை காலை நீட்டி மடக்குங்க, வயிறு முதுகெல்லாம் கொஞ்சம் உறுதியாவட்டும். அவசரப்பட்டீங்கன்னா முதுகு பேஜாராயிடும்."

நான்கு நாள் சொன்னபடி கேட்டேன். ஐந்தாம் நாள் பக்கத்தில் ஒருவர் வந்து நின்றார். ரயில்வேயில் ரிட்டையர் ஆனவர், தலை முழுக்க வெள்ளை. தரையில் கிடந்த கம்பியை, இரண்டு பக்கமும் பெரிய பெரிய தட்டு மாட்டியதை, பூக்கூடையை எடுப்பதுபோல் எடுத்து நிமிர்ந்தார். பிறகு என்னைப் பார்த்து, "தம்பி புதுசா?" என்றார். அந்தத் 'தம்பி'யில் ஒரு ஏளனமும் இல்லை. நானாகத் தயாரித்துக்கொண்டேன்.

மாஸ்டர் டீ குடிக்கப் போனார். பெரியவர் தண்ணீர் குடிக்கப் போனார். நான் மொபைலை எதிரே சாய்த்து வைத்து, எப்படித் தூக்குவது என்று காட்டும் வீடியோவை ஓட விட்டு, கம்பியைப் பிடித்தேன். மூச்சை அடக்கி, முதுகை வில்லாக வளைத்து, "முருகா" என்று தூக்கினேன். 'பட்' என்று ஒரு சத்தம். கம்பி இருந்த இடத்திலேயே இருந்தது. நானும்தான். குனிந்தவன் நிமிரவில்லை.

பெரியவர் ஓடி வந்தார். "இன்னா தம்பி, நான் ஏழு வருஷமா கொஞ்சம் கொஞ்சமா ஏத்திகினு வந்து தூக்குறேன். நீ ஏழு நிமிஷத்துல தூக்கப் பாத்தா எப்பிடி?"

வீட்டுக்கு நடந்த கதை தனி. தரையைப் பார்த்தபடி, ஒரு கையால் இடுப்பைப் பிடித்துக்கொண்டு, அடி மேல் அடி வைத்துப் போய்க்கொண்டிருந்தேன். ஸ்டேஷன் ரோட்டில் ஒருவர் நிறுத்தி, "இன்னா சார் தேடுறீங்க, செயினா?" என்றார். இல்லை என்று சொல்ல வாயைத் திறந்தால் "ஆ" என்றுதான் வந்தது. அவர் ஆமாம் என்று எடுத்துக்கொண்டு தேட ஆரம்பித்தார். பூக்காரம்மா வந்தார், ஒரு ஆட்டோ டிரைவர் வந்தார். கால் மணி நேரம் நான்கு பேர் குனிந்து தேடினோம். கடைசியில் பூக்காரம்மா, "போனது போவட்டும்ப்பா, உயிரா போச்சி" என்று ஆறுதல் சொல்லி அனுப்பினார்.

பிசியோதெரபி செய்கிற மேடம் ஒருவரிடம் போனேன். குரல் மென்மை, வார்த்தை கறார். கால் வரைக்கும் வலி இழுக்கிறதா, மரத்துப்போகிறதா என்று கேட்டார். இல்லை என்றதும், "நல்ல காலம், தசைப்பிடிப்புதான்" என்றார். ஒரேயடியாகப் படுத்துவிடக் கூடாது, வலி தாங்குகிற அளவுக்கு நடக்க வேண்டும். பூனைபோல் நான்கு காலில் நின்று முதுகை மேலே தூக்கி, கீழே இறக்க வேண்டும். எதைத் தூக்கினாலும் முட்டியை மடக்கி உட்கார்ந்து, பொருளை நெஞ்சோடு அணைத்து எழ வேண்டும். இடுப்பிலிருந்து குனிந்து தூக்கவே கூடாது.

"இன்னொண்ணு. சுளுக்கு எடுக்கிறேன், உதைச்சி சரி பண்றேன்னு யாராச்சும் வந்தா ஓடிடுங்க."

"ஓடவா? எனக்கு நடக்கவே வரல மேடம்."

அவர் சிரிக்கவில்லை.

ஆனால் அடுத்த இரண்டரை மாதம் நான் நல்ல பிள்ளையாக இருந்தேன் என்பதை இங்கே பதிவு செய்ய விரும்புகிறேன். (வேறு யாரும் செய்ய மாட்டார்கள்.) காலையில் நடந்தேன். பூனையாக நின்றேன். ஜிம்முக்குத் திரும்பி, தட்டு மாட்டாத வெறும் கம்பியில் ஆரம்பித்து, மாஸ்டர் சொன்ன கணக்குக்கு மேல் ஒன்றுகூடச் செய்யவில்லை. வலி போனது. தொப்பையும் கொஞ்சம் வழிவிட்டது. காதுகுத்துக்கு முந்தின வாரம் அரிசி மூட்டையை மடியில் வைத்து ஒத்திகை பார்த்தேன், வழுக்கவில்லை.

அந்த நாளும் வந்தது. திருப்போரூரில் கோயிலுக்குப் பக்கத்தில் சின்ன மண்டபம். நான் புதுப் பட்டு வேட்டியோடு காரில் வந்து இறங்கினேன். மொடமொடப்பு இன்னும் போகாத வேட்டி, இடுப்பில் நிற்பதா வேண்டாமா என்று யோசித்துக்கொண்டிருந்தது. டிக்கியைத் திறந்து சீர்த்தட்டுகளை ஒவ்வொன்றாக உள்ளே அனுப்பினேன். கடைசியில் ஒரு முழு வாழைத்தார், டிரைவர் அதைத் தரையில் இறக்கி வைத்துவிட்டுப் போய்விட்டார்.

மேடம் சொன்னபடி முட்டியை மடக்கி உட்கார்ந்தால் வேட்டி அவிழும். சம்பந்தி வீட்டுப் பெண்கள் பத்துப் பேர் வாசலில் நிற்கிறார்கள். முதுகா, மானமா? நான் மானத்தைத் தேர்ந்தெடுத்து இடுப்பிலிருந்து குனிந்தேன். அதே 'பட்'.

என்னை இரண்டு பேர் தாங்கிப் பிடித்து மண்டப வராந்தாவில் ஜமுக்காளத்தில் கொண்டுவந்து போட்டார்கள். தேவி என்னைப் பார்த்துக் கண்கலங்கிவிட்டாள். "நல்ல நேரம் முடிய முக்கா மணிதாண்ணா கீது" என்றாள். அப்போது கூட்டத்தை விலக்கிக்கொண்டு அவளுடைய மாமியார் கன்னியம்மா வந்தார். முப்பது வருடம் மீன்கூடையைத் தலையில் சுமந்து ஊர் ஊராக விற்றவர். அவர் பாதம் ஒவ்வொன்றும் என் இரண்டு பாதத்துக்குச் சமம்.

"கவலப்படாத தம்பி. நான் காலால பொறந்தவ."

தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன்: பிறக்கும்போது தலைக்குப் பதில் கால் முதலில் வந்தவர்கள் உதைத்தால் இடுப்புப் பிடிப்பு விட்டுவிடும் என்பது எங்கள் பக்கத்து நம்பிக்கை. மேடத்தின் எச்சரிக்கை எனக்கு ஞாபகம் வராமல் இல்லை. ஆனால் சம்பந்தியம்மா முதல் முதலாக ஆசையோடு ஒன்று தருகிறேன் என்கிறார். வேண்டாம் என்று எப்படிச் சொல்வது?

"மெதுவா, அத்தை" என்று சொல்லிக் குப்புறப் படுத்தேன்.

"மூணே மூணுதான்" என்று புடவையைத் தூக்கிச் செருகினார்.

முதல் உதையில் எனக்கு என் பெயர் மறந்தது. இரண்டாவது உதைக்கு அவர் காலை ஓங்கிய அதே நேரம் வாசலில் படாளத்து வேன் வந்து நின்றது. முதலில் இறங்கியவர் பெரியப்பா. இரண்டு வருடக் கோபத்தை அடக்கி, வெள்ளைச் சட்டை போட்டு, பெருந்தன்மையோடு வந்த மனிதர். அவர் கண்ட முதல் காட்சி, தரையில் கிடக்கும் தாய்மாமனைச் சம்பந்தி அம்மாள் காலால் உதைப்பது.

"டேய்! நம்ம புள்ளையப் போட்டு உதைக்கிறாங்கடா!"

வேனில் இருந்த பதினெட்டுப் பேரும் ஒரே கதவு வழியாக இறங்கினார்கள். "சீர்த்தட்டு கொறைஞ்சிடுச்சாம்" என்று ஒரு குரல். (இதை யார் கிளப்பியது என்று இன்றுவரை தெரியவில்லை.) "அதுக்குக் கையை நீட்டுவாங்களா?" "கையி இல்ல, காலு!" அந்தப் பக்கம் குப்பத்து ஆட்களும் எழுந்துவிட்டார்கள். "யார்றா எங்க அம்மாவாண்ட கொரலு வுடுறது?"

நான் விளக்கம் சொல்லிக்கொண்டுதான் இருந்தேன். ஆனால் ஜமுக்காளத்துக்குள். வெளியே "ம்ம்ம்" என்றுதான் கேட்டது. அதைக் கேட்ட பெரியப்பா, "பேச்சே வரலடா புள்ளைக்கு!" என்று இன்னும் கத்தினார். சத்தியமாகச் சொல்கிறேன், அப்போது எனக்கு முதுகுவலி மறந்து பயம் வந்தது. இந்த இரண்டு கூட்டமும் இன்றைக்குப் பிரிந்தால் அப்புறம் ஒரு குழந்தை போதாது, ஒரு டஜன் பிறந்தாலும் சேராது. தேவி ஒரு தூணோடு ஒட்டி, குழந்தையை இறுக்கிக்கொண்டு நின்றாள்.

எழப் பார்த்தேன், முடியவில்லை. கையையும் முட்டியையும் ஊன்றி, இரண்டு கூட்டத்துக்கும் நடுவில் பூனை மாதிரி தவழ்ந்து போய்க் கத்தினேன்:

"பெரியப்பா! அவங்க காலால பொறந்தவங்க! நான்தான் உதைக்கச் சொன்னேன்!"

பெரியப்பா கன்னியம்மாவின் பாதத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், மறுபடி பாதத்தைப் பார்த்தார். குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"அப்பிடியா? எனக்குக்கூட ஒரு மாசமா இடுப்பாண்ட புடிச்சிகினுதான் கீது."

"படுங்க சம்பந்தி" என்றார் கன்னியம்மா.

எங்கள் இரு குடும்பத்தின் சமாதானம் அந்த ஜமுக்காளத்தில்தான் கையெழுத்தானது. பெரியப்பாவுக்குப் பிறகு மூன்று பேர் வரிசையில் நின்றார்கள்.

பிடிப்பு விட்டதா என்று கேட்பீர்கள். மற்றவர்களுக்கு எப்படியோ தெரியாது, எனக்கு விடவில்லை. ஒரு இடத்தில் இருந்த வலி இரண்டு இடத்துக்குக் குடிபோனது. தேவி பிசியோ மேடத்துக்கு வீடியோ கால் போட்டாள்.

"யாரு உதைச்சது?" என்று மேடம் கேட்டது ஸ்பீக்கரில் மண்டபம் முழுக்கக் கேட்டது. கன்னியம்மா மெதுவாகத் தூணுக்குப் பின்னால் போனார். "காலு மரத்துப்போச்சா? இல்லையே? சரி. தரையில ஒக்காராதீங்க. நாற்காலி, இடுப்புக்குப் பின்னால தலகாணி, ரெண்டு பாதமும் தரையில. கொழந்தையை நீங்க தூக்காதீங்க, வேற யாராச்சும் மடியில வைக்கட்டும். நாளைக்குக் காலையில நேரா என்கிட்ட வர்றீங்க."

இப்போது பத்தர் முறுக்கிக்கொண்டார். "மணையில ஒக்காந்து குத்துறதுதாம்மா மொறை. நாற்காலியில யாராச்சும் காது குத்துவாங்களா?"

கன்னியம்மா தூணுக்குப் பின்னாலிருந்து வெளியே வந்தார். "உனக்கு மடிதானய்யா வேணும்? மடி மேல இருந்தா இன்னா, கீழ இருந்தா இன்னா? குத்து!"

அவர் காலை ஒரு தடவை பார்த்துவிட்டு பத்தர் ஊசியை எடுத்தார்.

நீல நிற பிளாஸ்டிக் நாற்காலியில், தலையணை முட்டுக்கொடுக்க, ராஜா மாதிரி உட்கார்ந்தேன். தேவி யாழினியை என் மடியில் வைத்தாள். வழுக்கவில்லை. அவள் என் நெஞ்சில் தலையைச் சாய்த்து அண்ணாந்து பார்த்துச் சிரித்தாள். இரண்டரை மாதம் பட்ட பாட்டுக்கு அந்தச் சிரிப்பு போதும் என்று நினைத்தேன். கண்கூடக் கொஞ்சம் கலங்கியது.

பத்தர் குத்தினார். ஊசி பட்டதும் குழந்தை விலுக்கென்று துள்ளி, இரண்டு காலையும் என் தொடையில் ஊன்றிப் பின்னால் ஒரு உந்து உந்தினாள். பின்னால் தலையணை நழுவியது. அதற்குப் பிறகு எழுந்த ஓலம் கோயில் குளத்தங்கரை வரைக்கும் கேட்டதாகச் சொல்கிறார்கள். உறவுக்காரர்கள் எல்லாரும் வழக்கம்போல் "அழுவாதடா கண்ணு, ஆச்சி ஆச்சி" என்று ஓடி வந்து, பாதி வழியில் நின்றார்கள். குழந்தை வாயை மூடிக்கொண்டு என்னை ஆச்சரியமாகப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் வாயில் வைக்க வைத்திருந்த சர்க்கரையைக் கன்னியம்மா என் வாயில் போட்டார்.

யாழினி இப்போது எல்.கே.ஜி. படிக்கிறாள். யார் வீட்டுக்கு வந்தாலும் அம்மாவின் போனை வாங்கி, அன்றைக்கு எடுத்த காதுகுத்து வீடியோவைத் தானே தேடி எடுத்து, சத்தத்தை முழுசாக வைத்துக் காட்டுவாள். பார்க்கிறவர்கள் உச்சுக்கொட்டி, "அய்யோ பாவம், இப்பிடி அழுதியா கண்ணு?" என்று கேட்பார்கள். அவள் திரையில் விரலை வைத்து நிதானமாகத் திருத்துவாள்.

"காது குத்துறது எனக்கு. அழுவுறது மாமா."